வடக்குச் சுவரில் ஒரு பந்தி

உட்காருங்கள் அம்மா. அந்தத் தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்க வேண்டாம். அடியில் செங்கலும் சுண்ணாம்பும்தான் கிடக்கின்றன. டீ சொல்லியிருக்கிறேன். சர்க்கரை வேண்டாமென்றால் இப்போதே சொல்லிவிடுங்கள், இந்த மாஸ்டருக்குக் குறைத்துப் போடத் தெரியாது.

சென்னையிலிருந்து ஓவியர் இஞ்ஞாசியைப் பற்றிப் புத்தகம் எழுத வந்திருக்கிறீர்கள். சந்தோஷம். முதலில் என்னிடம் வந்தீர்கள் பாருங்கள், அதுதான் முறை. தோழர் நல்லதம்பி என்று கேட்டால் திண்டுக்கல்லில் தோல் ஷாப் பக்கம் யாரும் வழி சொல்வார்கள். நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. மிச்சப் படிப்பெல்லாம் துண்டுப்பிரசுரத்தில். படித்தது பாதி, எழுதியது மீதி. இந்தப் பக்கத்துத் தொழிலாளியைப் பற்றி நான் எழுதாத துண்டுப்பிரசுரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டுங்கள், அது எதிரி எழுதியதாக இருக்கும்.

எழுதிக்கொள்ளுங்கள். இஞ்ஞாசியைக் கண்டுபிடித்தது நான்.

இப்போது ஆளாளுக்கு நான்தான் நான்தான் என்கிறார்கள். ஒரு பேராசிரியர் கண்டுபிடித்தாராம். வெளிநாட்டுக்காரர் ஒருவர் கண்டுபிடித்தாராம். அவன் செத்த பிறகு கண்டுபிடித்தவர்களுக்கெல்லாம் கணக்கே இல்லை. உயிரோடு இருக்கும்போது கண்டுபிடித்தவன் நான் ஒருவன்தான்.

தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி என்று ஒன்று உண்டு. பச்சைத் தோலை அதில் ஊறப்போட்டு மயிரைக் கழற்ற வேண்டும். ஆள் குழிக்குள் இறங்கி நின்று புரட்டுவான். இஞ்ஞாசியும் அவன் அப்பாவும் அந்தக் குழியில் நின்றவர்கள். கைத்தோல் வெந்து வெந்து விரலில் ரேகையே இருக்காது. அந்தக் கையை வைத்துக்கொண்டு, காயப்போட்ட ஆட்டுத்தோலில், அடுப்புக்கரியால் மேஸ்திரி முகத்தை வரைந்துவிட்டான். மேஸ்திரி வாரை எடுத்து விளாசிவிட்டான். நான் நியாயம் கேட்கப் போனேன். போன இடத்தில் அந்தத் தோலைப் பார்த்தேன். மேஸ்திரியே வந்து தோலில் ஒட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. இந்தக் கை இயக்கத்துக்குச் சொந்தமான கை என்று அங்கேயே முடிவு செய்துவிட்டேன். அவனைக் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

தட்டி எழுதக் கொடுத்தேன். சுவரெழுத்து கொடுத்தேன். வேலை சுத்தம். ஆனால் சொன்னதை வரையமாட்டான், அதுதான் அவனிடம் பெரிய குறை. ஒருமுறை முதலாளி படம் கேட்டேன். நம் பிரசுரங்களில் முதலாளி எப்படி இருப்பான்? தொந்தி இருக்கும், சுருட்டு இருக்கும், காலடியில் பணமூட்டை இருக்கும். இவன் வரைந்த முதலாளி ஒல்லியாக, தூக்கமில்லாத கண்ணோடு, வெற்றிலைக் காம்பைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான்.

"ஏன்டா, இவனைப் பாத்தா நமக்கே பாவமா இருக்கே!" என்றேன்.

"அவரு அப்படித்தான தோழர் இருக்காரு. நீங்க பாத்ததில்லையா?" என்றான்.

பார்த்ததில்லையாம்! பேச்சுவார்த்தை மேஜையில் எத்தனை வருஷம் அந்த ஆளுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். முகத்தையா பார்ப்பார்கள்? கோரிக்கையைப் பார்ப்பார்கள்.

சரி, சுவர் விஷயத்துக்கு வருகிறேன். எழுபத்தொன்பதில் பெரிய வேலைநிறுத்தம். முதலாளிகள் எல்லா ஷாப்பையும் இழுத்து மூடினார்கள். அடுப்பெரியாத வீடுகள். சங்கக் கட்டிடத்தில் கஞ்சித்தொட்டி திறந்தோம். கூடத்தின் வடக்குச் சுவர் வெறும் சுவராக நின்றது. "இஞ்ஞாசி, அதில் ஒரு படம் போடு. பார்க்கிறவனுக்கு ரத்தம் கொதிக்கணும்" என்றேன். உயர்ந்த கை, உடைந்த சங்கிலி, உதிக்கும் சூரியன் என்று என் மனத்தில் ஒரு கணக்கு.

வாரக்கணக்கில் வரைந்தான். வாங்கக் காசில்லாததால் சாயமெல்லாம் ஷாப் சரக்குதான். ஆவாரம்பட்டைச் சாறு, கடுக்காய், துருப்பிடித்த ஆணி ஊறிய தண்ணீர், செங்கல்பொடி. சுண்ணாம்பு ஈரமாக இருக்கும்போதே பூச வேண்டும் என்று ஓடி ஓடி வேலை செய்வான். முடிந்தது என்று சொன்னான். போய்ப் பார்த்தால், பந்தி!

ஆமாம் அம்மா, பந்தி. சுவர் நெடுக ஒரே வரிசையாக ஆட்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு வாழையிலை. இலையில் ஒன்றும் இல்லை. பரிமாற ஆள் இல்லை. உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் எங்கள் ஆட்கள், பெயர் சொல்லிக் கூப்பிடலாம். குழிக்காரன், பட்டை இடிக்கிறவன், கணக்கப்பிள்ளை, வண்டிக்காரர் உசேன், கக்கூஸ் கழுவுகிற மாரி. யாரும் யாரோடும் ஒரே பந்தியில் உட்காராத காலம் அது. கஞ்சித்தொட்டியிலேயே மூன்று வரிசை நின்றது. இவன் எல்லோரையும் இடித்துக்கொண்டு உட்கார வைத்துவிட்டான். பெண்களைக்கூட.

"கொடி எங்கடா?" என்றேன்.

"இலை போட்டாச்சு தோழர். கொடிய எங்க வைக்க?"

"தலைவர்கள் யாரையும் காணோமே?"

"நீங்க இருக்கீங்களே" என்று காட்டினான். பார்த்தால், நடுவில், வண்டிக்கார உசேனுக்கும் மாரிக்கும் இடையில் நான். என் முன்னாலும் வெறும் இலை. பசித்தவன் மூஞ்சியோடு! ஒரு பொதுச் செயலாளரை அப்படியா வரைவது?

செயற்குழுவைக் கூட்டினேன். மேற்குப் பக்க மூலையில் கொடியும் சூரியனும் சேர்க்க வேண்டும் என்று தீர்மானம் போட்டோம். "நாளைக்குப் போடுறேன் தோழர்" என்றான். அந்த நாளை வரவே இல்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அந்தப் படம் வந்த வாரத்தில் கஞ்சித்தொட்டியில் மூன்று வரிசை ஒரு வரிசை ஆகிவிட்டது. சாதி ஒழிப்பைப் பற்றி நான் அப்போதுதான் ஒரு துண்டுப்பிரசுரம் போட்டிருந்தேன், நாலு பக்கம். அதன் பலன். காதர் மைதீன் அப்படிச் சொல்லமாட்டான். "மாப்ள, உன் நோட்டீஸ்ல வடைதான்டா மடிச்சான். செவத்தப் பாத்துத்தான் உக்காந்தான்" என்பான்.

காதர் மைதீன் யாரென்று சொல்லவில்லையே. அப்போது சங்கத்தின் துணைத் தலைவன். எனக்கு அவன் மாப்ள, அவனுக்கு நான் மாப்ள. ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் மைக் செட்டோடு ஊர் சுற்றியிருக்கிறோம். இப்போது பேச்சு கிடையாது. அந்தக் கதைக்கும் வருகிறேன்.

வேலைநிறுத்தம் முடிகிற தறுவாயில் கஞ்சித்தொட்டிக்கு அரிசி வருவது நின்றது. அப்புறம் திடீரென்று ஒரு வண்டி அரிசி வந்தது. எங்கிருந்து என்று யாரும் கேட்கவில்லை. பசியில் கேட்பார்களா? நானும் இரண்டு குவளை குடித்தேன். பிறகுதான் தெரிந்தது. இஞ்ஞாசி முதலாளி வீட்டுக்குப் போய், செத்துப்போன அவர் அப்பாவின் படத்தை வரைந்து கொடுத்திருக்கிறான். அதற்குக் கூலி அந்த அரிசி. அதிலும் கூத்து என்னவென்றால், அந்தக் கிழவரின் கஞ்சத்தனத்தை உதட்டிலேயே வரைந்து வைத்திருக்கிறான். படத்தைப் பார்த்துவிட்டு முதலாளியின் அம்மா மயக்கம் போட்டு விழுந்ததாகப் பேச்சு. அரிசியை முன்னாலேயே ஏற்றிவிட்டதால் தப்பித்தான்.

ஆனால் அம்மா, வேலைநிறுத்தக் காலத்தில் முதலாளிக்கு வேலை செய்தவனுக்குப் பெயர் என்ன? கருங்காலி. அகராதியில் வேறு சொல் இல்லை. பொதுக்குழுவில் நானே எழுந்து நீக்கல் தீர்மானம் கொண்டுவந்தேன். ஒன்றரை மணி நேரம் பேசினேன். இன்றைக்கும் அந்தப் பேச்சைச் சொல்கிறவர்கள் உண்டு.

காதர் எழுந்தான். "மாப்ள, அந்தக் கஞ்சியத்தான நீயும் குடிச்ச?"

"தெரியாமல் குடித்தேன். தெரிந்து செய்வது துரோகம், தெரியாமல் செய்வது பிழை. இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு."

"வயித்துக்கு அந்த வித்தியாசம் தெரியுமா?" என்றான். கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒழுங்கு என்று ஒன்று இல்லாவிட்டால் சங்கம் எதற்கு?

இஞ்ஞாசியைப் பேசச் சொன்னோம். எழுந்தான். சுற்றிப் பார்த்தான். "எல்லாரும் சாப்டீங்கள்ல?" என்று மட்டும் கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டான். அதை விளக்கமாக ஏற்க முடியாது என்று பதிவு செய்து, பெரும்பான்மையில் நீக்கினோம். நீக்கப்பட்டவனும் அவன் குடும்பமும் சங்கக் கட்டிடத்தில் கால் வைக்கக் கூடாது. இது விதி. அவனுக்காகப் போட்ட விதி இல்லை, எனக்கு முந்தைய காலத்து விதி.

அவன் மனைவி பெயர் சலேத். நீக்கிய வருஷமே அவளுக்கு இருமல் கண்டது. காசநோய். சங்கத்தில் வைத்திய நிதி இருந்தது, உறுப்பினர் குடும்பத்துக்கு. இவன் உறுப்பினர் இல்லை. நான் என்ன செய்ய? என் கை கட்டப்பட்டிருந்தது. காதர் தன் பாட்டுக்குத் துண்டு விரித்து வசூல் செய்து கொடுத்தான். தனிநபர் தருமம் அமைப்பைப் பலவீனப்படுத்தும் என்று அதைக் கண்டித்துப் பேச வேண்டியதாயிற்று. சலேத் போய்விட்டாள். கைக்குழந்தை ஒன்று, லூர்து. அதை மதுரையில் கன்னியாஸ்திரீகள் விடுதியில் சேர்த்தான்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் புத்தகத்தில் எழுதப்போகிற இஞ்ஞாசி. எந்த ஷாப்பிலும் வேலை இல்லை. லாரியின் பின்பக்கத்தில் வரைந்தான், சலூன் கண்ணாடியில் வரைந்தான். குடித்தான். கழிவாக வீசிய தோல் துண்டுகளைப் பொறுக்கி, அதில் முகம் முகமாக வரைந்தான். குடித்த கடையில் அதைக் கொடுத்தான். சாராயக்கடைக்காரன் அதை உட்காரப் போட்டிருந்தானாம். அதைத்தான் 'ஆட்டுத்தோலில் மனிதத் தோல்' என்று பெயர் எழுதி இப்போது உங்கள் ஆட்கள் கண்காட்சி வைக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, குளிரூட்டி, விளக்குப் போட்டு. அவன் படுத்துச் செத்த பெரியாஸ்பத்திரி வராந்தாவில் ஒரு விளக்கு எரியவில்லை. அவன் சாவுக்கு நான் போகவில்லை. நீக்கப்பட்டவர் சாவுக்குப் பொதுச் செயலாளர் போனால் தீர்மானத்துக்கு என்ன மரியாதை? தெருமுனை வரைக்கும் போனேன். அது போனதாகாது.

டீ ஆறுகிறது, குடியுங்கள்.

பிறகு மேலே மத்திய சம்மேளனம் இரண்டாக உடைந்தது. கீழே நாங்களும் உடைந்தோம். நான் கொள்கைப் பக்கம் நின்றேன். காதர் கூட்டத்தின் பக்கம் நின்றான். கட்டிடம் யாருக்கு? அவன் ஆட்கள் வந்து ஒரு பூட்டுப் போட்டார்கள். நாங்கள் போய் அதன் மேல் ஒரு பூட்டுப் போட்டோம். கைகலப்பு ஆனது. தாசில்தார் வந்து மூன்றாவதாக ஒரு பூட்டுப் போட்டு அரக்கு வைத்தார். வழக்கு நடந்தது. நடந்துகொண்டே இருக்கிறது. கூரையில் ஓடு உடைந்து, அரசங்கன்று முளைத்து, ஜன்னல் இடுக்கில் பார்த்தால் வடக்குச் சுவரில் ஈரம் மேலிருந்து இறங்குவது தெரியும். மூன்று சாவியும் ஒன்றாக வந்தால்தான் கதவு திறக்கும்.

இந்த ஆடியில் லூர்து வந்தாள். திருப்பூரில் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர். நரை விழுந்துவிட்டது அவளுக்கே. இதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கிற இதே பெஞ்சில்தான் உட்கார்ந்தாள்.

"மாமா, எங்கம்மா படம் வீட்ல ஒண்ணுகூட இல்ல. போட்டா எடுத்ததே இல்ல. அந்தச் செவத்துல இருக்காங்களாமே?"

"ஏன், உன் அப்பா வேறு எங்கும் வரையவில்லையா?"

"கேட்டேன் மாமா. ஒரு தடவதான் சரியா வந்துச்சு, திரும்பப் போட்டாப் பொய்யாயிரும்னாரு. போய்ப் பாத்துட்டு வரவான்னா, அது அவங்க எடம், நாம போகக் கூடாதுன்னுட்டாரு."

பாருங்கள், கடைசிவரை தீர்மானத்தை மதித்திருக்கிறான். அந்த ஒழுங்கு நான் கற்றுக்கொடுத்தது.

லூர்து ஒரு வக்கீலைப் பிடித்தாள். இரண்டு தரப்பும் கூட்டாக மனுக் கொடுத்தால், கூரையைப் பழுதுபார்க்கவும் படத்தைக் காப்பாற்றவும் கோர்ட் திறக்கச் சொல்லும் என்றார் அவர். காதர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுவிட்டான். என்னிடம் வந்தது. வாசித்தேன். முதல் மனுதாரர் காதர் மைதீன், பொதுச் செயலாளர். இரண்டாம் மனுதாரர் நல்லதம்பி, பொதுச் செயலாளர். ஒரு சங்கத்துக்கு இரண்டு பொதுச் செயலாளரா? அதில் நான் கையெழுத்துப் போட்டால் அவனைப் பொதுச் செயலாளர் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். இத்தனை வருஷ வழக்கு ஒரே கையெழுத்தில் செத்துப்போகும்.

லூர்து கெஞ்சினாள். "மாமா, பேர மாத்தி எழுதச் சொல்றேன்." மாற்றி எழுதினார்கள். நல்லதம்பி முதலில், பதவியோடு. காதர் இரண்டாவது, வெறும் பெயர் மட்டும். அவன் அதற்கும் கையெழுத்துப் போட்டுவிட்டான். எனக்குச் சந்தேகம் வந்தது. எதற்கும் ஒத்துக்கொள்கிறவனிடம் சூழ்ச்சி இருக்கும். அரசியலில் பால பாடம் இது. உடனே ஒரு துண்டுப்பிரசுரம் போட்டேன். 'மக்கள் ஓவியத்தைக் கைப்பற்றத் துடிக்கும் ஓடுகாலிகளே, பதில் சொல்லுங்கள்!' பதினோரு கேள்விகள். எட்டு பக்கம். பஸ் ஸ்டாண்டில் நானே நின்று கொடுத்தேன்.

அவன் பதில் போடவில்லை. ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினான். "பதினோரு கேள்விக்கும் நான்தான் தப்பு. மழை வருது, கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

அதை எழுத்துப்பூர்வமாகக் கேட்டேன். அதற்குள் புரட்டாசி போய்விட்டது.

நான் கையெழுத்துப் போடவில்லை என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். போட்டேன். ஐப்பசி பிறந்ததும் போட்டேன், என் ஆட்சேபங்களை மறுபக்கத்தில் எழுதிவிட்டு. கோர்ட்டும் உத்தரவு கொடுத்தது. ஆனால் மூன்றாவது பூட்டைத் திறக்க வேண்டிய அதிகாரி வாக்காளர் பட்டியல் வேலையில் இருந்தார். நாளைக்கு வருகிறேன் என்றார். மறுநாளும் நாளைக்கு என்றார். அதிகாரவர்க்கம் அம்மா. நான் தயாராக இருந்தேன். என் சாவியை எண்ணெய் போட்டு வைத்திருந்தேன். இந்த நாட்டில் ஒரு சாதாரணத் தொழிலாளித் தலைவன் என்ன செய்ய முடியும்?

மழை பிடித்தது. நீங்கள் சென்னை மழை பார்த்தவர்கள். இது மலையடிவார மழை, விட்டு விட்டுப் பெய்யத் தெரியாது. லூர்து லீவு போட்டுவிட்டு வந்து பக்கத்து லாட்ஜில் தங்கியிருந்தாள். பகலெல்லாம் இந்தக் கடையில்தான். மாஸ்டர் காசு வாங்கமாட்டான்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். சத்தம்கூடப் பெரிதாகக் கேட்கவில்லை. நெல் மூட்டைகள் சரிந்த மாதிரி ஒன்று. நாங்கள் எழுந்து ஓடினால் கூரை உள்ளே இறங்கியிருக்கிறது. வடக்குச் சுவர் வெளியே சாய்ந்து கிடக்கிறது. கதவு நின்றது. மூன்று பூட்டும் தொங்கிக்கொண்டு, அரக்கு கலையாமல், கதவு மட்டும் அப்படியே நின்றது. சுவர் வழியாக உள்ளே போனோம்.

தண்ணீர் மேலிருந்து இறங்கியதால் மேல்பாதி முழுக்க ஊறிக் கரைந்து போயிருந்தது. முழங்கால் உயரத்துக்கு அடிச்சுவர் மட்டும் நிற்கிறது. அதில் இலைகள். வரிசையாக வாழையிலைகள், சாயம் மாறாமல், நரம்பு நரம்பாக. ஆள் ஒருவர்கூட இல்லை. உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் எழுந்து போய்விட்ட மாதிரி இருந்தது.

லூர்து அந்த இலைகளை ஒட்டியே நடந்தாள். ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரும்பி என்னைக் கேட்டாள். "மாமா, இதுல எது எங்கம்மா எல?"

"பெண்கள் அந்தக் கோடியில்" என்றேன். "கடைசி இலை."

"இல்லத்தா" என்று பின்னாலிருந்து ஒரு குரல். காதர். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஊன்றுகோலோடு, நனைந்துகொண்டு நிற்கிறான். எத்தனை வருஷம் கழித்து அந்தக் கூடத்தில் இரண்டு பேரும்! என்னைப் பார்க்கவில்லை. மெதுவாக வந்து ஒரு இலையின் மேல் கோலைத் தொட்டான். "இது. கடைசி எல நம்ம மாரி பொண்டாட்டியோடது. அதுக்கு இந்தப் பக்கம் ஒங்கம்மா."

நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் விவாதம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

லூர்து அந்த இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள். சேற்றில். அழவில்லை. உட்கார்ந்திருந்தாள்.

சாயங்காலம் என் வீட்டுக்குக் கூட்டிப்போனேன். என்னிடம் ஒரு போட்டோ இருக்கிறது. அந்தச் சுவருக்கு இருக்கிற ஒரே போட்டோ. மே தினக் கூட்டம், மேடை வடக்குச் சுவரை ஒட்டித்தான் போடுவோம். நான் பேசிக்கொண்டிருக்கிறேன், கை உயர்ந்திருக்கிறது. அந்தப் படத்தைப் பல மலர்களில் போட்டிருக்கிறோம். கண்ணாடிச் சட்டத்தோடு எடுத்து லூர்து கையில் கொடுத்தேன். பின்னால் சுவரில் உசேன் தெரிகிறார், மாரி தெரிகிறான், கோடியில் மாரி பெண்டாட்டி தெரிகிறாள், அவளுக்கு இந்தப் பக்கம் மைக் முன்னால் நான் நிற்கிறேன். லூர்து போட்டோவை விளக்குப் பக்கம் சாய்த்துப் பார்த்தாள். திருப்பிப் பார்த்தாள். பிறகு துடைத்துக் கொடுத்துவிட்டாள்.

"மாமா, நீங்க கொஞ்சம் தள்ளி நின்னுருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். மைக் அங்கேதானே இருந்தது அம்மா? மைக் இருக்கிற இடத்தில்தானே பேச்சாளர் நிற்க முடியும்?

பிறகு கேட்டாள், "நீங்க வருஷக்கணக்கா பாத்த செவருதான மாமா. அம்மா எப்படி இருந்தாங்கன்னு சொல்லுங்களேன். எனக்கு அது போதும்."

சொல்ல வாயைத் திறந்தேன். பேசுவதற்கு எனக்கு என்றைக்கும் குறிப்பு தேவைப்பட்டதில்லை. சொன்னேன். உழைப்பால் உரமேறிய முகம், நிமிர்ந்த தலை, நாளைய விடியலை நோக்கிய கண்கள் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அது எல்லாப் பொம்பளையும்தான மாமா" என்றாள். "மூக்குத்தி போட்டுருந்தாங்களா?"

எனக்குத் தெரியவில்லை.

எழுபத்தொன்பதில் எத்தனை ஷாப், எத்தனை நாள் கதவடைப்பு, எந்தத் தேதியில் எந்தத் தீர்மானம், கேளுங்கள், இப்போதே சொல்கிறேன். நீக்கல் தீர்மானத்துக்கு வாக்கு எத்தனை, எதிர் எத்தனை, சொல்கிறேன். மூக்குத்தி தெரியவில்லை. நெற்றி அகலமா குறுகலா தெரியவில்லை. அந்தக் கூடத்தில் நான் பேசாத கூட்டம் கிடையாது. பேசுகிறவன் கூட்டத்தைப் பார்ப்பானா, சுவரைப் பார்ப்பானா? சுவர் எனக்குப் பின்னால் இருந்தது. உட்கார்ந்து கேட்டவர்கள் பார்த்திருப்பார்கள். கேட்டவர்களில் பாதிப்பேர் செத்துப்போனார்கள்.

"பரவால்ல மாமா" என்று எழுந்துவிட்டாள். என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள், எங்கள் இயக்கத்தில் அது வழக்கமில்லை என்று சொல்வதற்குள். நேரே காதர் வீட்டுக்குப் போனாள்.

நான் தற்செயலாகத்தான் இந்தக் கடைக்கு வந்தேன். இங்கிருந்து பார்த்தால் அவன் வீட்டு வாசல் தெரியும், அது என் குற்றமில்லை. வெகுநேரம் உள்ளே இருந்தாள். மழை விட்டுவிட்டது. வெளியே வந்தபோது சிரித்துக்கொண்டு வந்தாள் அம்மா. வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சிறு பெண் மாதிரி. வாசலில் நின்று அவனும் சிரிக்கிறான். பல்லில்லாத வாய். அவன் என்னவோ செய்து காட்டினான், தலையைப் பக்கவாட்டில் திருப்பி, கண்ணை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு. அவள் அதைப் பார்த்து அதேபோலத் திருப்பிச் செய்தாள். இரண்டு பேரும் மறுபடி சிரித்தார்கள். அப்புறம் அவள் திருப்பூர் பஸ் ஏறிவிட்டாள்.

என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் இல்லை.

அவன் என்ன செய்து காட்டினான்? சலேத் பக்கத்து இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? யாரையாவது கேலி செய்துகொண்டிருந்தாளா? பட்டினிப் பந்தியில் சிரிக்கிற முகத்தையா அவன் வரைந்து வைத்திருந்தான், என் முதுகுக்குப் பின்னால், அத்தனை வருஷமும்?

நானும் வீட்டில் கண்ணாடி முன்னால் தலையை அப்படித் திருப்பிப் பார்த்தேன். என் முகத்தில் அது வரவில்லை.

இனி எங்கே? அவன் வீட்டுக்குத்தானே போகிறீர்கள்? எல்லோரும் போவதுதான். பச்சைக் கதவு, வாசலில் முருங்கை மரம். வழி சொல்லத் தேவையில்லை, இங்கிருந்தே தெரிகிறது. போய்க் கேளுங்கள். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்லாதீர்கள், உங்கள் புத்தகத்துக்காகக் கேட்பதுபோலக் கேளுங்கள். மூக்குத்தி உண்டா இல்லையா, அதையும் கேளுங்கள். எந்தப் பக்கம் என்றும் கேளுங்கள். அவன் செய்து காட்டினால் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் அம்மா, எழுதிக்கொண்டே இருந்துவிடாதீர்கள்.

பஸ் ஸ்டாண்டுக்கு நீங்கள் இந்த வழியாகத்தான் திரும்ப வேண்டும். மாஸ்டர் கடையைச் சாத்துகிறவரைக்கும் நான் இங்கேதான் உட்கார்ந்திருப்பேன்.